கணுக்கால் பட்டை

யாருடைய குதிகாலோ அவள் மூக்கில் விழுந்தது. வாய் திறந்தது, ஏரித் தண்ணீர் உள்ளே போனது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் மஞ்சள் தொப்பிகள், தண்ணீரை அடிக்கும் கைகள். அதில் ஒரு கை அவள் தோளைப் பிடித்து அமுக்கி, அவள்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அந்தக் கைக்குக் கோபமெல்லாம் இல்லை. வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்துவதுபோல நகர்த்தியது, அவ்வளவுதான்.

சாகப் போகிறோம் என்று நினைத்தாள். நினைத்த கையோடு, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவை அழுத்தி மூடினோமா என்றும் நினைத்தாள். மூன்று பெற்றவளின் மூளை அப்படித்தான். சாவு வந்தால்கூட அதை வாசலில் நிற்கவைத்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போகும்.

படகில் இருந்த காவலாள் துடுப்பை நீட்டினார்.

"ஏறிக்கறீங்களாம்மா? ஏறிட்டா இன்னைக்குப் போட்டி அவ்வளவுதான். நீந்தறேன்னா நீந்துங்க. நடுவுல நின்னு யோசிக்காதீங்க, பின்னாடி வர்றவங்க மேல வந்து விழறாங்க."

துடுப்பின் நுனியில் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. கையை நீட்டினால் போதும். அவள் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.

உடனே சத்தம் நின்றது. இதற்காகத்தான் இவ்வளவும்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், பிரிக்கும் மேசையில். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியை உதற வேண்டும். தையலைத் தடவிப் பார்க்க வேண்டும். பையிருந்தால் கைவிட்டுத் துழாவ வேண்டும். துணியல்லாத எது அகப்பட்டாலும் எடுத்துத் தகரத் தட்டில் போட்டுவிட்டு, துணியை மட்டும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசி வரும், கத்தரி வரும், பேனா வரும், பல்செட் வரும். நோயாளிகளின் கையில் கட்டும் பெயர்ப்பட்டை, உள்ளிருந்த கை இல்லாமல், போர்வையோடு சுருண்டு வரும். எல்லாம் தட்டுக்குத்தான். கூடத்தில் இருந்தது ஒரே சட்டம். ஒரு பேனா தப்பிப் போனால் நூறு போர்வை நீலமாகிவிடும். அப்படிப் போகவிட்டவளை மேற்பார்வைக்காரி எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, அந்தப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை பார்க்கச் சொல்வாள். மேற்பார்வைக்காரிக்குக் கூடத்தில் கஞ்சி என்று பெயர். கஞ்சி போட்ட துணிபோல நிற்பாள், நடப்பாள், பேசுவாள். அவள் வாயிலிருந்து தப்பித்தவர்கள் யாரும் இல்லை.

இவள் ஒரு பேனாவைக்கூட விட்டதில்லை. கை தானாகச் செய்யும். வீட்டில் கணவர் சட்டையைக் கழற்றிப் போட்டால், அவள் வேறு யாரோடோ பேசிக்கொண்டே அதை எடுத்து, உதறி, பையைக் காலி செய்து, நாலாக மடித்திருப்பாள். மடித்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கைகால் விளங்காமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு குளம் உண்டு. கூரை போட்ட, வெதுவெதுப்பான குளம். நோயாளிகள் வருவதற்கு முன்பு ஊழியர்கள் குளிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். ஊழியர்களுக்கு ஏது நேரம். ஒருநாள் விடியற்காலை ஷிப்ட்டில் அவள் துவைத்த துண்டுகளை அடுக்கப் போனவள், பாதத்தை நனைத்துப் பார்க்கலாம் என்று படியில் இறங்கினாள். முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. உடுப்போடு அப்படியே கழுத்துவரை போய், தலையையும் உள்ளே விட்டாள். வீட்டில் அப்போது இரட்டைப் பையன்களுக்கு மூன்று வயது. அவர்கள் பிறந்ததிலிருந்து யாராவது அம்மா என்று கூப்பிடாமல் ஒரு பொழுது போனதில்லை. தண்ணீருக்குள் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

மறுநாள் மாற்றுடுப்பு எடுத்துக்கொண்டு போனாள்.

குளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள். பிறகு ஒரு நர்ஸம்மாவிடமிருந்து பழைய சைக்கிள் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மேம்பாலம் ஏறும்போது ஓடவும் தொடங்கினாள். மூன்றும் ஒரு போட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக உண்டு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம். நான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கூடத்தில் சொன்னாள்.

"ஓடு ஓடு," என்றாள் கஞ்சி. "எவ்வளவு தூரம் ஓடினாலும் ஷிப்ட்டுக்கு இந்த மூட்டைகிட்டதான் வந்து நிக்கணும்."

கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது வேலை. மாதம் முழுக்க ஜனங்கள் அவரிடம் கெஞ்சுவார்கள். வீட்டில் ஆளே இல்லை, விளக்கே போடவில்லை, இவ்வளவு எப்படி வரும் என்பார்கள். அவர் அனுதாபமாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒன்றே ஒன்று சொல்வார்: "நான் என்னங்க பண்றது, மீட்டர் சொல்லுது." கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. நியாயஸ்தர். அதுதான் சிக்கல்.

போட்டியைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"மூணையும் ஒரே நாள்ல செய்யணும்னு எந்த மடையன் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டார். "ஒண்ணு செஞ்சுட்டு வந்தாலே நீ பிழிஞ்சு போட்ட துணி மாதிரிதான் வர்ற."

"பழகிடுச்சுங்க."

"பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்களுக்கும் பொழுது போக வேணாமா?"

அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அவர் பேரத்தைப் பேசி முடித்துவிட்டார்.

"சரி, ஒரு பேச்சு. அந்தப் போட்டிய நீ முடிச்சுட்டா காலைப்பொழுது உன்னோடது. ஏழு மணி வரைக்கும் நீ எங்க வேணா போ, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆயுசுக்கும். முடிக்கலன்னா சைக்கிளக் குடுத்துடணும், காலையில வீட்டுல இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

"அப்புறம் மூக்கச் சிந்தக் கூடாது."

"நீங்க சிந்தாம இருந்தாச் சரி."

காலைப்பொழுது சும்மா கிடைப்பதில்லை. யாரிடமிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். அவள் அதைத் தன் பெண்ணிடமிருந்து எடுத்தாள்.

பெண்ணுக்குப் பதினான்கு வயது. வீட்டில் மூத்தது, நல்லது கெட்டது தெரிந்தது, சொன்னால் கேட்பது. இருட்டு பிரிவதற்கு முன்னால் அவள் பாதத்தைத் தொட்டு எழுப்பிவிட்டுத் தாய் கிளம்புவாள். பெண் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, நாலு டப்பாவுக்குச் சமைத்து, தம்பிகள் இருவரையும் கழுவி, சட்டை மாட்டி, காலுறை தேடி, அப்பாவுக்கு டீ கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். முதல் பாடவேளைக்குப் பாதி நாள் வெளியேதான் நின்றாள். தாமதமாக வருகிறவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது அந்தப் பள்ளியின் வழக்கம்.

ஒருநாள் கொதிக்கும் சட்டியின் விளிம்பு பட்டு அவள் மணிக்கட்டில் தோல் உரிந்தது. தாய் அப்போது வாசலில் ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. குளம் திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான்.

"தண்ணியில காட்டு," என்றாள். "எரிச்சல் அடங்கிடும்."

"அம்மா, வந்து பாரேன்."

"வந்து பாக்கறேன். போய்ட்டு வந்து பாக்கறேன்."

போய்விட்டு வந்தபோது பெண் பள்ளிக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அது கொப்புளமாகி உடைந்திருந்தது. மருந்து போட்டுவிட்டபடி தாய் சொன்னாள், "ஒரு நாள் உனக்கே புரியும். பொம்பளைக்குத் தனக்குன்னு ஒரு நேரம் வேணும்."

"புரிஞ்சுக்க எனக்கு நேரம் வேணும்ல," என்றாள் பெண்.

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். வாய் நீண்டுவிட்டது இவளுக்கு என்று கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். மறுநாள் காலையும் பாதத்தைத் தொட்டு எழுப்பினாள்.

*

கரையில் கால் பட்டபோது முழங்கால் மடங்கியது. எழுந்தாள், மறுபடி மடங்கியது. பக்கத்தில் ஓடியவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். தரையில் விரித்திருந்த கறுப்பு விரிப்பை மிதித்ததும் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அது அவளுடைய சத்தம். காலையில் அதைப் பற்றித்தான் விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். கணுக்காலில் ஒரு துணிப்பட்டை, பட்டைக்குள் பொத்தான் அளவில் ஒரு சிப். எந்த விரிப்பைத் தாண்டினாலும் இயந்திரம் குறித்துக்கொள்ளும். பட்டையை மாட்டிவிட்ட ஆள், "இது கால்ல இருக்கற வரைக்கும்தான் நீங்க போட்டியில இருக்கீங்க," என்று சொன்னார். அவள் கணவர் குனிந்து பார்த்து, "அட, மீட்டரு," என்றார்.

சைக்கிள்கள் வரிசையாக மாட்டியிருந்த திடலில் தன்னுடையதைக் கண்டுபிடித்தாள். குளிருக்காக வாடகைக்கு எடுத்த ரப்பர் உடை உடம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது பாம்பு சட்டை உரிப்பதுபோல உள்வெளியாகப் புரண்டு கணுக்காலில் வந்து சிக்கியது. காது இரண்டும் அடைத்திருந்தன. மூக்கில் ரத்தம். தலைக்குள் ஏரி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாய் சைக்கிள், சைக்கிள் என்று முணுமுணுத்தது.

கைகள் தங்கள் வேலையைப் பார்த்தன. சிக்கியிருந்ததை விடுவித்து உடையை உருவின. உதறின. தையலைத் தடவின. தொப்பி, கண்ணாடி, கணுக்கால் பட்டை மூன்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டன. உடையை நல்ல பக்கமாகத் திருப்பி, நாலாக மடித்து, டப்பாவின் மேல் வைத்தன.

பக்கத்து வரிசையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். "அக்கா, இங்க வந்தும் துணி மடிக்கறீங்களா?"

"கை சும்மா இருக்காதும்மா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

திடலின் வாசலிலும் விரிப்பு இருந்தது. அவளும் அந்தப் பக்கத்து வரிசைக்காரியும் சேர்ந்தாற்போலத் தாண்டினார்கள். கீச்சென்று சத்தம் வந்தது. ஒரு முறைதான் வந்தது.

சைக்கிள் பாதையில் எதிர்காற்று. நர்ஸம்மாவின் சைக்கிள் கூடை மாட்டுவதற்காகச் செய்தது; கூடையைக் கழற்றியிருந்தாலும் அதன் கம்பி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் தாண்டிப் போனார்கள். வயதானவர் ஒருவர் தாண்டினார். வயிறு தள்ளிய ஒருவர் தாண்டினார். "இடது பக்கம் போங்க பெரியம்மா," என்று சொல்லிக்கொண்டு தலை நரைத்த ஒருவர் தாண்டினார். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இன்னொரு சமயமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள்; மூச்சு மிச்சமில்லை. மேட்டில் சங்கிலி கழன்றது. இறங்கி மாட்டினாள். மை போன்ற எண்ணெய் விரல்களில் அப்பியது. அதை உடம்பிலும் துடைக்கக்கூடாது, துணியிலும் துடைக்கக்கூடாது என்று புல்லில் துடைத்தாள்.

ஆனாலும் சைக்கிளை விட்டு இறங்கியபோது, போட்டியை முடிக்க வைத்திருந்த கெடுவில் நேரம் கைவசம் இருந்தது. அவளாலேயே நம்ப முடியவில்லை.

ஓட்டம் ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு சுற்று. முதல் சுற்றின் முடிவில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கென்று கயிறு கட்டியிருந்தார்கள். கணவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன்கள் இருவரும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். பெண் கயிற்றோரம் நின்று, சிவப்பு உறை போட்ட போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"சீக்கிரம் வா," என்று கணவர் கூப்பிட்டார். "சின்னவனுக்குக் கால் கழுவி விடணும்."

கயிற்றோரம் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததில் விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொண்டது; ரொம்ப தூரம் விடவில்லை.

இரண்டாவது சுற்றில் உடம்பு அவளுடைய பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்தாள். எடுத்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. ஷூவுக்குள் ஏதோ ஈரமாக இருந்தது, குனிந்து பார்க்கப் பயந்தாள். தொடைகள் உரசி உரசித் தோல் போய்விட்டது. முகத்தில் ஈ உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினால் விழுந்துவிடுவோம் என்று அதையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். விடியற்காலை மேம்பாலத்தை நினைத்துக்கொண்டாள். பாலத்தின் உச்சியில் கீழே எல்லா வீடும் விளக்கில்லாமல் கிடக்கும். அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மூட்டை இல்லை. இனி ஆயுசுக்கும் உண்டு அது. இந்த வளைவு. அப்புறம் அந்தக் கொடிக்கம்பம். அப்புறம் அந்த வளைவு.

முடிவுக்கோட்டின் மேல் பெரிய கடிகாரம் தெரிந்தபோது நேரம் இன்னும் மிச்சமிருந்தது. எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. "பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போன நரைத்தலைக்காரர் நொண்டிக்கொண்டு போனார், அவரைத் தாண்டினாள். இன்னும் இருவரைத் தாண்டினாள். கணவரின் நாற்காலி காலியாக இருந்தது. பையன்களைக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருந்தார். பெண் மட்டும் கோட்டுக்கு நேராக நின்றாள். சிவப்பு உறை போட்ட போன் உயர்ந்தே இருந்தது, அம்மா கோட்டைத் தாண்டும்வரைக்கும்.

தாண்டினாள். ஒலிபெருக்கி அவள் பெயரை விட்டுவிட்டு, பின்னால் வந்தவரின் பெயரை வாசித்தது.

சட்டையில் அடையாள அட்டை குத்திய இளம்பெண் ஒருத்தி அவள் காலடியில் மண்டியிட்டாள். பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் பதக்கத்தைக் கொடுப்பார்கள்.

"கால நீட்டுங்கக்கா. இது இல்ல, அந்தக் கால். அந்தக் கால்லயும் இல்லையே. எங்கக்கா பட்டை?"

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கணுக்கால்கள். ஒன்றைச் சுற்றி, பட்டை இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. கண்ணுக்குப் புரிவதற்கு முன்னால் கைக்குப் புரிந்துவிட்டது. பட்டையின் சொரசொரப்பைக் கழற்றிய விரல்கள் நினைவுவைத்திருந்தன.

அடுத்து வந்தவரின் காலுக்கு இளம்பெண் நகர்ந்துவிட்டாள்.

*

குடையின் கீழே ஒரு மேசை, மேசையில் ஒரு மடிக்கணினி, அதற்குப் பின்னால் நடுவர். வெயிலில் தோல் உரிந்த மூக்கு, சாந்தமான மனிதர். அவள் போய் டப்பாவிலிருந்து பட்டையை எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"நீச்சல் ஏறியிருக்கும்மா. அதுக்கு மேல எதுவும் ஏறல."

"சைக்கிளும் ஓட்டினேங்க. ரெண்டு சுத்தும் ஓடினேன்."

"இருக்கலாம். ஆனா மிஷின் கணக்குப்படி நீங்க இன்னும் சைக்கிள் திடல்லதான் நிக்கறீங்க."

"இங்க உங்க முன்னாடி நிக்கறேனே."

"தெரியுதும்மா," என்றார் நடுவர். உண்மையிலேயே தெரிந்தவர்போலத்தான் சொன்னார். "முன்னெல்லாம் ஒவ்வொரு திருப்பத்துலயும் ஆள் நின்னு நம்பர் எழுதுவாங்க. இப்ப மிஷினே பாத்துக்குதுன்னு யாரையும் நிறுத்தறதில்ல. கண்ணால பாக்காததப் பாத்தேன்னு நான் கையெழுத்துப் போட முடியாது. ஒண்ணு செய்யுங்க. வீட்டாளுங்க யாராவது வீடியோ எடுத்திருந்தா கொண்டாங்க. முதல் சுத்து ஒண்ணு, கோடு தாண்டினது ஒண்ணு இருந்தாப் போதும். நானே கையால ஏத்திடறேன். இதெல்லாம் நடக்கறதுதான்."

அவளுக்கு உயிர் வந்தது. திரும்பினாள். சற்றுத் தள்ளி, கயிற்றோரம் பெண் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் திரையை ஒருமுறை அழுத்தியது. போன் ஏதோ கேட்டிருக்க வேண்டும், இன்னொருமுறை அழுத்தியது. பிறகு பெண் நிமிர்ந்தாள்.

பையன்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கணவரும் வந்து சேர்ந்தார். நடுவர் அவருக்கும் விளக்கினார்.

"அட கடவுளே," என்றார் கணவர். "கழட்டி டப்பாவுல போட்டியா? ஏன்?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"சரி விடு. பாப்பா, வீடியோ எடுத்தல்ல, காட்டு."

"நான் எடுக்கலப்பா," என்றாள் பெண்.

"போனத் தூக்கிட்டே நின்னியே."

"நேரம் பாத்தேன். வெயில்ல திரை தெரியல, அதான் தூக்கிப் பிடிச்சேன்."

கணவர் போனை வாங்கிப் பார்த்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிஸ்கட் தின்னும் பையன்கள் இருந்தார்கள், ஏரி இருந்தது, நாற்காலியில் கண்ணயர்ந்த அவரே இருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தாய் பெண்ணைப் பார்த்தாள். பெண் கண்ணைத் தாழ்த்தவில்லை. போனைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் அந்தத் தழும்பு இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. நீ அழித்ததை நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழித்ததை மீட்டெடுக்க வழி உண்டு, யாருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பெண்ணின் காலைப்பொழுதை எடுத்தவளுக்குத்தான் தெரியும், எடுத்தது எவ்வளவு என்று. ஆனால் பெண் அதை இப்படித் திருப்பி வாங்குவாள் என்று அவள் நினைக்கவில்லை.

"வீடியோ இல்லைங்க," என்று நடுவரிடம் சொன்னாள்.

"அப்ப முடிக்கலைன்னுதான் வரும்மா. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

திடலுக்குத் திரும்பி நடக்கும்போது கணவரிடம் கேட்டாள், "நீங்க என்னப் பாத்தீங்கல்ல? ஓடினத?"

"முத சுத்துல பாத்தேன்."

"நான் முடிச்சேங்க. நம்பறீங்களா இல்லையா?"

"நம்பறேன்," என்றார் அவர். தோளில் கைகூடப் போட்டார், ஆதரவாகத்தான். "உன்ன நம்பாம யார நம்பப் போறேன். ஆனா நம்பறது வேற, ரீடிங் வேற. பேச்சு பேச்சுதான? நானே மாத்தினா நாளைக்கு நீ என்ன மதிப்பியா?"

"மாட்டேன்," என்றாள்.

"அவ்வளவுதான். வா, பசங்களுக்குப் பசிக்குது."

வண்டியில் அவள் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். முன்னால் உட்காரக் காலை மடக்க முடியவில்லை. பையன்கள் பிஸ்கட் கையோடு தூங்கிப்போனார்கள். ஷூவைக் கழற்றியபோது கட்டைவிரல் நகம் காலுறையோடு வந்துவிட்டது. எடுத்து, வைக்க ஒரு தட்டு தேடுகிறவள்போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாம்பல் கிண்ணத்தில் போட்டாள்.

பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைப் பார்த்தபடி, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"கடைசியில நல்லா ஓடினம்மா நீ. மூணு பேரத் தாண்டின."

*

மறுநாள் திங்கட்கிழமை. பழக்கத்தில் இருட்டு பிரிவதற்கு முன்பே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்ணின் கட்டிலுக்குப் போய் அவள் பாதத்தைத் தொட்டாள்.

"எழுந்திரு."

"ஏன், நீதான் வீட்டுல இருக்கியே," என்றாள் பெண், தூக்கத்தில்.

"இருக்கேன். எழுந்திரு."

பெண் சற்று நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தாய் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக் காலை அதன்மேல் நீட்டிக்கொண்டாள். பெண் நாலு டப்பாவுக்குச் சமைத்தாள். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்; எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது, அவளே எடுத்துக்கொண்டாள். தம்பிகளைக் கழுவிச் சட்டை மாட்டினாள். ஒரு காலுறை கிடைக்கவில்லை. அது நாற்காலிக்கு அடியில் கிடந்தது. தாய் அதைப் பார்த்தாள். பெண்ணும் கொஞ்ச நேரத்தில் பார்த்துக் குனிந்து எடுத்தாள்.

கணவர் வந்து வாசற்படியில் நின்று இருவரையும் பார்த்தார்.

"என்ன இது?"

"காலையில வீட்டுல இருக்கணும்னீங்க," என்றாள். "இருக்கேன்."

அவர் யோசித்தார். சொன்னது அதுதான். டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஏழு மணி ஆனதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து குளித்துவிட்டுக் கிளம்பினாள். கூடத்தில் கஞ்சி, முடித்தாயா என்று கேட்டாள். இல்லை என்றாள். நான் அப்பவே சொன்னேன் என்றாள் கஞ்சி. அன்று வழக்கத்தைவிட மூட்டை அதிகம். தட்டில் இரண்டு பேனா, ஒரு கத்தரி, பெயர்ப்பட்டைகள் கொஞ்சம் சேர்ந்தன.

சாயங்காலம் சைக்கிளைப் பார்க்க ஒருவர் வந்தார். பிரேக் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றாள். கூடைக் கம்பி தனக்குத் தோதாக இருக்கும் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார். பெண் முற்றத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றும் தவறவிட்ட முதல் பாடவேளையின் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது.